காற்றுக்கு வாடகை இல்லை

பழவேற்காடு,
ஆகஸ்ட் 2007.

அன்புத் தம்பி தாவீதுக்கு,

அக்கா ரோசம்மாள் எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும், உன் மாமா ஆரம்பாக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, ஏரியிலேயே குடித்தனம் வைத்தது உனக்குத் தெரியும். அப்போது நீ திட்டினாய். ஆனால் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. வாடகை இல்லை, கரண்டு பில் இல்லை, டீசல்கூட வேண்டாம். "காத்துக்கு எவன் வாடகை கேப்பான், ரோசு?" என்பார். பாயை விரித்தால் காலையில் ஒரு தீவு, சாயங்காலம் இன்னொரு மணல்மேடு. கிடைத்த இறாலில் கொஞ்சம் குழம்புக்கு. மீதியைக் கரையில் விற்றுவிட்டு அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்குவோம். குடிதண்ணீர், கருவாட்டு வியாபாரம் செய்யும் ஜெய்னம்பு அக்கா வீட்டில். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிச் சிரித்ததில்லை.

பிறகு, நான் கூப்பிடாதபோதெல்லாம் மாமா "இன்னா?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் முன்பக்கம் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். அவர் பின்பக்கம் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வெயில் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேரும் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தோம். காற்றே இல்லை. தலை நிமிர்ந்தேன். எங்கள் படகில் ஒரு பெண், எனக்கு முதுகைக் காட்டி, என் புடவையைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. மாமாவின் கையைப் பிடித்தேன். அவரும் பார்த்தார். "ரோசு துணி காயப் போட்டுகினு கீறா" என்றார். என்னிடமே சொன்னார், தம்பி.

ஏறிப் பார்த்தால் யாரும் இல்லை. புடவை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளே பெட்டியோடு இறங்கிவிட்டேன். நீங்களும் வாருங்கள் என்று அழுதேன். யாரோ எவளோ அழுவதுபோலப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். இப்போது ஜெய்னம்பு அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். இறால் உரிக்கப் போகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாமா அரிசி வாங்க வருவார். போன வாரம் ஓடிப்போய், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்னா ரோசு, இப்பத்தான நீ கொயம்பு ஊத்தினே?" என்றார். தலை படிய வாரியிருந்தது. சட்டையில் புதுப் பொத்தான் தைத்திருந்தது. அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது.

அன்றைக்கு ஜெய்னம்பு அக்கா துறையிலிருந்து வந்தவர், பின்னறையில் என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டார். "நீ எப்டி இங்க கீறே? இப்பத்தான் படகுல இருந்து எனக்குக் கை காட்னே" என்றார். அதற்குப் பிறகு அவர் துறைப்பக்கம் போவதில்லை.

தம்பி, லீவு கேட்டு வா. மாமா உன் பேச்சைத் தட்டமாட்டார். ஆனால் அவர் உன்னைப் படகுக்குக் கூப்பிடுவார், அக்கா உள்ளேதான் இருக்கிறாள் என்பார். என் குரலே கூப்பிட்டாலும் ஏறாதே. அவர் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
கரையில் நிற்கும் உன் அக்கா,
ரோசம்மாள்.