முன் சீட்டில் யாரும் உட்காராத வண்டி

சகலை,

இன்று காலை உம்முடைய வண்டியின் கதவைத் திறந்தேன். வெயிலில் காய்ந்த தோல் சீட்டின் வாடையும் அதற்குள் ஊறிப்போயிருந்த பிச்சிப்பூ வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. நீர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பூச்சந்தையில் உம்முடைய கமிஷன் கடையை இப்போது வேறொருவர் நடத்துகிறார். வண்டிக்குள் மட்டும் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அழுகை வரவில்லை. உம்மை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அதற்கு நீர் கோபித்துக்கொள்ள மாட்டீர்.

வண்டியைப் பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஒரு டாக்டர் வருவதாக இருந்தது. விற்கச் சொன்னது உம் வீட்டுக்காரி, என் மதினிதான். "நின்ன வண்டி கெட்டுப்போகும் தம்பி. ஓட்டத் தெரிஞ்சவங்க கையில குடுத்துருங்க" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். டாக்டர் விவரமான ஆள். போனிலேயே சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம், "ரீகால் எதுவும் பாக்கி இல்லையே சார்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பாவம், அந்த மனுஷன் என்ன நினைத்தாரோ.

உறவுமுறைப்படி நான் உம்மை அண்ணாச்சி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். நீர் அக்காளைக் கட்டியவர், நான் தங்கச்சியைக் கட்டியவன். கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிட்டேன். "ஒரே வீட்டுல மாட்டுன ரெண்டு பேருக்குள்ள என்னவே மரியாதை? சகலன்னு கூப்பிடும்" என்று நீர்தான் மாற்றினீர். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து வண்டிகளின் க்ளெய்ம் பார்க்கிறவன். நசுங்கின வண்டிகளையே பார்த்துப் பார்த்து, நல்ல வண்டியைக் கண்டாலும் எனக்குச் சந்தேகம் வரும். "எஞ் சகல கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தக்கால ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள நொழைவாரு" என்று நீர் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோவில்பட்டியில் ஒரு காண்டிராக்டர் வீட்டில் அந்த வெளிநாட்டு எஸ்யுவி விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உமக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலமெல்லாம் பூ மூட்டை ஏற்றுகிற லோடு வண்டியில் போனவர். ஒரு நாளாவது ராஜா மாதிரிப் போக வேண்டும் என்று உமக்கு ஆசை. புதிது வாங்க நம் வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. பழையது கையைக் கடிக்காத விலைக்கு வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்.

அங்கே போனதும் நீர் முதலில் பார்த்தது இன்ஜினை அல்ல. டாஷ்போர்டின் இடது பக்கம், முன் சீட்டுக்கு நேர் எதிரே, கருங்கல் நிறத்தில் ஒரு பிள்ளையார் ஒட்டப்பட்டிருந்தார். "பிள்ளையாரே உக்காந்துருக்காரு. இதுக்கு மேல என்ன செக்கப்பு?" என்று அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர். நான் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சேசிஸ் நம்பரைத் தேடினேன். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் மிகச் சரியாக அந்த நம்பரின் மேலேயே அப்பிக் காய்ந்திருந்தது. நம் ஆட்கள் சந்தனம் வைக்க அந்த இடம்தான் கிடைக்கும். நல்லவேளை, கதவுத் தூணிலும் அதே நம்பர் இருந்தது.

சர்வீஸ் விவரமெல்லாம் வாங்கிப் பார்த்தேன். எனக்கே ஏமாற்றம் என்று சொல்லும்படி எல்லாம் ஒழுங்காக இருந்தது. எண்ணெய் நேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். இந்த ரக வண்டிகளில் காற்றடைத்த சஸ்பென்ஷன்தான் முதலில் மண்டையைப் போடும். அதையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். வெள்ளத்தில் மூழ்கின அடையாளம் இல்லை. கதவு, தூண் எதிலும் வெட்டி ஒட்டின தடம் இல்லை. நீர் பின்னால் நின்றுகொண்டு, "என்ன வே, ஒரு கொறையும் கெடைக்கலியா? மொகம் வாடிப்போச்சே" என்று வம்பிழுத்தீர்.

கடைசியாகத்தான் போனை எடுத்து, கம்பெனியின் இணையதளத்தில் நம்பரைப் போட்டேன். ரீகால் பாக்கி என்று வந்தது, அதாவது கோளாறான பாகத்தை மாற்றக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. முன் சீட்டு ஏர்பேக்கை ஊத வைக்கிற பகுதியில் கோளாறு. நம் ஊர் வெக்கையில் வருஷக்கணக்காகக் காய்ந்தால், மோதும்போது பை விரிவதற்குப் பதில் அந்த டப்பாவே வெடித்துத் தகரத்தைத் தெறிக்க விடலாம். கம்பெனி காசு வாங்காமல் மாற்றித் தரும். ஆனால் தகவலெல்லாம் முதலில் வாங்கின கோயம்புத்தூர்க்காரர் முகவரிக்கே போயிருக்கிறது. காண்டிராக்டருக்குத் தெரியவே தெரியாது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் வீட்டம்மா இத்தனை வருஷமும் அந்த சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"வேண்டாம் சகல, வேற பாப்போம்" என்றேன்.

"மாத்தித் தருவான்னு நீருதானே சொல்லுதீரு. ஓசியா மாத்துனா வண்டி புதுசு மாதிரிதானே?"

அதுவும் நியாயம்தான். மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டோம். சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மாசக்கணக்காகலாம் என்றார்கள். அதுவரை முன் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்று கறாராகச் சொன்னார்கள். "அதுல உக்காரப்போறது உம்ம அக்கா மகளா வே? எம் பொண்டாட்டி. நான் பாத்துக்கிடுதேன்" என்று நீர் வாங்கிவிட்டீர்.

அடுத்த சிக்கல் பிள்ளையார். அவர் உட்கார்ந்திருந்தது ஏர்பேக் மூடியின் மேல். எங்கேயாவது இடித்துப் பை வெடித்தால் தகரத்தோடு பிள்ளையாரும் பின் சீட்டு வரைக்கும் வருவார், அவரை எடுத்தே ஆக வேண்டும் என்றேன். நீர் காதைப் பொத்திக்கொண்டீர். குடியிருக்கிற சாமியைப் பெயர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒற்றைக் காலில் நின்றீர். மெக்கானிக்கும் தொட மாட்டேன் என்று கை கழுவிவிட்டான். மதினிதான் வாசலில் பூக் கட்டிக்கொண்டே கேட்டார்: "பெரிய கோயில்ல திருப்பணி நடக்கும்போது பாலாலயம் பண்ணிச் சாமிய வேற எடத்துல வச்சுப் பூச பண்ணுதாங்கல்ல? சங்கரனாருக்கே அதுதான். இவருக்கு ஆகாதா?"

நீர் அப்போதே பஞ்சாங்கத்தை எடுத்தீர். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் நிறைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்துப் பின் சீட்டில் இருத்தினார் மதினி. சாமி அதற்குள் வந்துவிட்டார் என்று சூடம் காட்டியதும், நீர் பூக் கட்டுகிற நூலை வெந்நீரில் நனைத்துப் பிள்ளையாரின் அடியில் விட்டு ரம்பம் மாதிரி இழுத்தீர். பசை விட்டுக்கொடுத்தது. உங்கள் தெருவில் அதுவரை யாரும் காருக்குப் பாலாலயம் செய்து பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நீர் சுண்டல் கொடுத்தீர்.

அன்றிலிருந்து பிள்ளையாரும் மதினியும் பின் சீட்டு. நீர் மட்டும் முன்னால். ஊருக்கு இது போதாதா? வெள்ளை வேட்டி சட்டையோடு நீர் ஓட்டிக்கொண்டு ரதவீதியில் திரும்பினால், டீக்கடையிலிருந்து, "எந்த மொதலாளிக்கு டிரைவரா சேந்தீரு? சம்பளம் நல்லா குடுக்காகளா?" என்று குரல் வரும். ராஜா மாதிரிப் போக ஆசைப்பட்ட மனுஷர் நீர். சிரித்துக்கொண்டே, "மொதலாளியம்மா கொஞ்சம் கறாரு" என்பீர். உள்ளுக்குள் உமக்குச் சுருக்கென்று இருந்தது எனக்குத் தெரியும். ஒரு நாள் சந்தையில் என்னிடம், "மெதுவாத்தானே போறோம், உள்ளூருக்குள்ள அவ முன்னாடி உக்காந்தா என்ன?" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டீர். நான் செய்ததெல்லாம் ஆபீசில் பார்த்த, ஏர்பேக் வெடித்த ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னதுதான். அதுவும் உள்ளூருக்குள் மெதுவாகப் போன வண்டி. நீர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்.

கரிவலம்வந்தநல்லூரில் மதினியின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? பின் சீட்டில் நான், என் வீட்டுக்காரி, மதினி, மடியில் பிள்ளையார். ஊருக்குள் திரும்புகிற விலக்கில் வண்டியை நிறுத்தினீர். மாமனார் வழிச் சனம் அத்தனையும் மண்டப வாசலில் நிற்கும். அங்கே டிரைவராகப் போய் இறங்க உமக்கு மனசில்லை. நீர் இறங்கி வந்து முன் கதவைத் திறந்து, "அரைக் கிலோமீட்டருதான். முன்னாடி வா" என்று மதினியைக் கூப்பிட்டீர். நான் வாயைத் திறப்பதற்குள் அவரும் இறங்கிவிட்டார். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துப் படியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

நீர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றீர். எதிரே ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. "வேண்டாம். பின்னாடியே ஏறு" என்றீர். குரல் ஒரு மாதிரி இருந்தது. மண்டப வாசலில் நீர் ஓடி வந்து பின் கதவைத் திறந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "இறங்குங்கம்மா" என்று குனிந்தீர். சனம் கொல்லென்று சிரித்தது. கல்யாண மாப்பிள்ளையை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. உம்மை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்த நாளில்தான். அதற்கு முன்னால் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த பிறகு ஒரு வழியாகச் சாமான் வந்தது. மதுரைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தோம். நான் திரும்பவும் நம்பரைப் போட்டு, பாக்கி எதுவும் இல்லை என்று வந்ததை மதினியிடமே காட்டினேன். பிள்ளையாரைப் பழைய இடத்திலேயே வைத்துக் கும்பாபிஷேகம் பண்ண வேண்டும் என்று நீர் கிளம்பினீர். ஏர்பேக் மேல் சாமி கூடாது என்று நான் குறுக்கே விழுந்தேன். அவர் வீட்டுப் பூசை அலமாரிக்குப் போனார்.

ஆனால் மதினி முன் சீட்டுக்கு வரவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நீர் நிற்பீர். அவர் பாட்டுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவார். "அவளுக்கு இன்னும் பயம் தெளியல சகல. நீரு சொன்ன கதைதான் காரணம்" என்று என்மேல் பழியைப் போட்டீர். நான் இன்னொரு முறை போய் விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் பின்னால்தான். கடைசி வரைக்கும் அப்படித்தான் போனீர்கள், திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும், உமக்கு நெஞ்சு வலி வருவதற்கு முந்தின வாரம் மேலநீலிதநல்லூருக்கும்.

இன்று டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்தம்மா முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். எனக்கு அதைப் பார்க்க நிறைவாக இருந்தது. நாம் சரி செய்து வைத்த இடத்தில் ஒருத்தர் நிம்மதியாக உட்கார்கிறார். பேசி முடித்து, நான் திருப்பிக் கொடுத்த சாவியை மதினி வெற்றிலை பாக்கோடு அவர்களிடம் கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பிப் போனது. என் வீட்டுக்காரி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வருத்தமா இருக்கா மதினி?" என்றேன்.

"வருத்தம் என்ன தம்பி, நல்லா ஓடுன வண்டி" என்றார். அப்புறம் அவராகவே சிரித்தார். "நான் பயந்துக்கிட்டுப் பின்னாடி உக்காருதேன்னு நீங்க ரெண்டு பேரும் நெனச்சிய. கல்யாணமாயி அத்தன வருசத்துல அவிய எம் மொகத்தப் பாத்துப் பேசுனது கெடையாது. பூவப் பாத்துப் பேசுவாவ, இல்லாட்டி போனப் பாத்துப் பேசுவாவ. பின்னாடி உக்காந்த பொறவுதான், நான் ஒண்ணு சொன்னா முன்னால தொங்குத கண்ணாடியில நிமுந்து எம் மொகத்தப் பாப்பாவ, என்ன சொன்னன்னு கேப்பாவ. அத விட்டுட்டு முன்னாடி போயி உக்காந்து நான் ரோட்டப் பாக்கவா?"

சகலை, இது உமக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் சந்தை முழுக்கச் சொல்லியிருப்பீர். அடுத்தவர்கள் வண்டிகளின் நம்பரைப் போட்டுப் பார்க்கிற வழக்கம் என்னை விட்டுப் போகாது. ஆனால் என் வீட்டில் பார்க்காமல் விட்டது ஒன்று இருப்பது எனக்கு இன்றுதான் உறைத்தது.

வெயில் தாழக் கிளம்பினோம். வாசலில் நின்ற என்னுடைய சின்ன காரின் முன் கதவில் கை வைத்தாள் என் வீட்டுக்காரி.

"இன்னைக்குப் பின்னாடி உக்காரேன்" என்றேன்.

"ஏன், நம்ம வண்டிக்கும் ரீகால் வந்துட்டா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீ உக்காரு."

ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினாள். நான் பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்துத் திருப்பினேன். நெற்றி தெரிந்தது, அப்புறம் கண்.

"என்ன பாக்கிய? ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.