திரிஷாவுக்கு ஒரு லேப்டாப்

கம்பம்
3.6.2025

அன்புள்ள தேவயானி,

நலமா? என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். நம் திரிஷா பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருப்பதாக உன் அண்ணன் சொன்னார். அவளுக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தர ஆசைப்படுகிறேன். திருப்பி மடித்தால் டேப்லெட்டாகவும் ஆகுமாம். நாம் பிரிந்த இந்த ஏழு வருடத்தில் அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் கையாலேயே கொடுக்க வேண்டும். எதை வாங்கலாம் என்று சொல். மறுத்துவிடாதே.

இப்படிக்கு,
கர்ணன்


மார்க்கையன்கோட்டை
12.6.2025

திரு. கர்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அவள் வேர், இலை, இதயம் என்று தினமும் படம் வரைகிறாள். திரையில் பேனாவால் எழுத வர வேண்டும். உள்ளங்கை பட்டால் கோடு விழக் கூடாது. சின்னமனூர் பள்ளிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவள், கனம் ஆகாது. விளம்பரத்தை நம்பாமல் தேனிக்குப் போய்த் தொட்டுப் பார்த்து எழுதுங்கள். பொருள் சரியாக இருந்தால் அவளை அழைத்து வருகிறேன்.

தேவயானி


கம்பம்
21.6.2025

அன்புள்ள தேவயானி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். திராட்சை வெட்டு நடக்கும் நேரத்தில் தோட்டத்தில் லீவு கேட்டு, மூன்று தடவை தேனிக்குப் போய் வந்தேன். கீபோர்டைத் தனியாகக் கழற்றும் வகை கனம் குறைவு. ஆனால் கடைக்காரர், "மடியில வச்சு டைப் பண்ணுனா அது ஆடும்ணே. பிள்ளைக்குப் பின்னாடி மடங்குறதுதான் தோதுப்படும்" என்றார். நானும் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்தேன், உண்மைதான்.

மடங்குகிற வகையில் ஒன்றில் பேனா நகர்ந்து கொஞ்சம் கழித்துத்தான் கோடு வந்தது. இன்னொன்றில் கீல் லொடலொடத்தது. சாம்பல் நிறத்தில் ஒன்று எல்லாவற்றுக்கும் சரியாக வந்தது. அதில் ஒரு இதயம் வரைந்து பார்த்தேன். கத்தரிக்காய் மாதிரி இருந்தது, கடைக்காரர் சிரித்தார். மாடல் பெயரைச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வாங்கட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கர்ணன்


மார்க்கையன்கோட்டை
2.7.2025

திரிஷா அப்பாவுக்கு,

அதையே வாங்குங்கள். 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். நாங்கள் கொஞ்சம் பிந்தினாலும் போய்விட வேண்டாம்.

தேவயானி


மார்க்கையன்கோட்டை
15.7.2025

கர்ணனுக்கு,

ஞாயிறன்று நான்கு மணி வரை நின்றீர்கள். பஸ்ஸில் அந்த வழியாக இரண்டு தடவை போனேன், பார்த்தேன். சாரல் விழுந்தபோது தோள் துண்டை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினீர்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தேனி பஸ் ஸ்டாண்டில் நான் நின்றேன். அன்று அரசுப் பள்ளி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. இடுப்பில் நாலு வயது திரிஷா. "நீ முன்னால போ, சர்டிபிகேட்டெல்லாம் நான் கொண்டாறேன்" என்று சொல்லித்தான் என்னை பஸ் ஏற்றி விட்டீர்கள். ஆபீஸ் பூட்டும் வரை நீங்கள் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தாமலே, "பொம்பள சம்பாரிச்சுத்தேன் இங்கன அடுப்பெரியணுமாக்கும்" என்றீர்கள். வேலை அதோடு போனது. இன்றைக்கும் தனியார் பள்ளியில்தான் பாடம் எடுக்கிறேன்.

உங்களை எவ்வளவு நேரம் நிற்க வைக்கலாம் என்று இந்த ஒன்றரை மாதமும் யோசித்தேன். ஞாயிறு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

திரிஷாவிடம் இப்போது லேப்டாப் இருக்கிறது. நீங்கள் எழுதி அனுப்பிய அதே மாடல், என் சம்பளத்தில் வாங்கியது. நன்றாகத்தான் பார்த்திருக்கிறீர்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் கையில் இருப்பதை என்ன செய்வதென்று கேட்டு எழுத வேண்டாம். இனி வரும் தபாலைப் பிரிக்க மாட்டேன்.

நீங்கள் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது. நேற்றுப் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "லேப்டாப்பப் பத்தி இம்புட்டு விவரமும் ஒனக்கு யாரும்மா சொன்னாக?" என்று கேட்டாள்.

கடைக்காரர் என்று சொன்னேன்.

தேவயானி