வியாழக்கிழமை வர்ற மேடம்

27 மே 2025, செவ்வாய்

நான் பாஸ் பண்ணின பண்டல்ல பதினொரு பனியன் ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிச்சு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் ஒன்பது வருசமா என் வேலை. பதினொண்ணும் என் கையைத் தாண்டித்தான் போயிருக்கு. கண்ணு துணி மேலதான் இருந்துச்சு. ஆனா பார்க்கலை.

சூப்பர்வைசர் வேலுமணி கத்தலை. அதுதான் பயமா இருக்கு. எப்பவும் கத்துற ஆளு, மெதுவா, ஆபீஸ்ல பார்த்துட்டுப் போங்கக்கான்னான். ஆபீஸ்ல எச்.ஆர். பொண்ணு சொல்லுது, வியாழக்கிழமையானா ஒரு மேடம் வர்றாங்களாம், மனசு விட்டுப் பேசலாமாம், பனியன் வாங்கற வெளிநாட்டுப் பையர் சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்குதாம்.

வேலையை விட்டு நிறுத்தறதுக்கு முன்னால பைத்தியம்னு எழுதி வாங்கிக்குவாங்களோ?

என் மக மதுமதியோட அப்பா தவறிப் போயி ஒன்னரை வருசம் ஆகப் போகுது. இத்தனை நாள் கேக்காதவங்க இப்ப எதுக்குக் கேக்குறாங்க?

29 மே, வியாழன்

போனேன். பழைய சாம்பிள் ரூம். ஜன்னலுக்கு ரிஜெக்ட் ஆன துணியில ஸ்கிரீன் போட்டிருக்காங்க. மேடம் பேரு ஜெயசுதா. என்னைவிட நாலஞ்சு வயசு சின்னவ. இங்க வாரத்துல ஒரு நாள்தானாம், மத்த நாள் காலேஜ்ல பாடம் எடுக்கறாளாம். ஒரு நாளைக்கு மட்டும் அடுத்தவங்க கஷ்டத்தைக் கேக்குறது என்ன வேலையோ.

இங்கிலீஷ் கலந்து பேசுவான்னு நெனச்சேன். பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும். வாயைத் தொறந்தா நம்ம பேச்சு. வாங்கக்கா, உக்காருங்கக்கா, தண்ணி குடிக்கறீங்களா. சோமனூராம். தறிக் குடும்பமாம். அப்பறம் கேட்டா, "நீங்க எந்த ஊருங்கக்கா?"

மதுமதி அப்பா ஊரு சாமளாபுரம். சோமனூருக்குப் பக்கம். ரெண்டு ஊர்லயும் நம்ம சனந்தான். ஒரு காதுகுத்துன்னா ரெண்டு ஊரும் ஒரே பந்தியில உக்காரும். நான் இங்க பேசறது ஞாயித்துக்கிழமைக்குள்ள அவரைப் பெத்த எங்க அத்தை காதுக்குப் போயிரும். வடநாட்டுக்காரி ஒருத்தியை உக்கார வெச்சிருந்தாக்கூட தைரியமாப் பேசியிருப்பேன்.

ஊத்துக்குளிங்கன்னு சொல்லிட்டேன்.

அட, வெண்ணெய் இப்பவும் நல்லாக் கிடைக்குதுங்களான்னா. ஊத்துக்குளியை நான் ரயில் ஜன்னல்ல பார்த்ததோட சரி. கிடைக்குதுங்கன்னேன். எருமை வெண்ணெயா, மாட்டு வெண்ணெயான்னா. ரெண்டுந்தானுங்கன்னேன்.

நோட்டுல என்னமோ எழுதுனா.

எதுக்கு இந்தப் பயம்? இங்க எழுதறேன், இந்த நோட்டை மதுமதி தொட மாட்டா. பன்னெண்டாவது படிக்கற புள்ளைக்கு அம்மா எழுத்தைப் படிக்க எங்க நேரம்.

அவரு போன அன்னைக்கு, வெடியால எந்திரிச்சதும், நெஞ்சு புடிக்கறாப்பல இருக்குதுன்னாரு. எனக்கு ஏழே காலுக்குக் கம்பெனி பஸ்ஸு. ஷிப்மென்ட் போற நாளு. வாயுவா இருக்கும், பூண்டுப்பால் காய்ச்சி வெச்சிருக்கேன், குடிச்சுட்டுப் படுங்க, பொழுதோட வேலை முடிஞ்சு வந்து பாக்கலாம்னேன். செருப்பைப் போட்டுக்கிட்டேதான் சொன்னேன். பத்து மணிக்குப் பக்கத்து ஊட்டுக்காரங்க கம்பெனிக்கு ஃபோன் பண்ணிட்டாங்க.

அத்தை கேட்டாங்க. நான் போறப்ப நல்லாத்தான் இருந்தாருங்கன்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் அதேதான்.

அத்தைக்கு ஒரே மகன். தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பாங்களா? மதுமதி முழிப்பாளா?

2 ஜூன், திங்கள்

சாப்டீங்களாக்கான்னு வேலுமணி கேக்குறான். ஒன்பது வருசத்துல கேட்டதில்லை. அன்னைக்கு அந்த மேடம்கிட்டத்தான் சாப்பாடு எறங்கலைன்னு சொன்னேன். அது எப்படி இவனுக்குப் போச்சு?

5 ஜூன், வியாழன்

நேராக் கேட்டுட்டேன். நான் சொல்றதை வேலுமணிகிட்டச் சொல்லுவீங்களான்னு. இல்லீங்கக்கான்னா. பின்ன அவனுக்கு எப்படித் தெரியும்னேன். நீங்களே தெனமும் டிபன் பாக்ஸை அப்படியே மூடறீங்களோ என்னமோன்னா.

இருக்கலாம். அவன் டேபிள்ல இருந்து பார்த்தா கேன்டீன் தெரியும். ஆனா சமாளிக்கறதுக்குச் சொன்னாலும் இதையேதான் சொல்லுவா.

திதிக்கு அவருக்குப் புடிச்சது என்ன படைச்சீங்கன்னு கேட்டா. பச்சைப்பயிறு கடைஞ்சு வெச்சேன்னேன். காக்கா எடுத்துச்சான்னா. படிச்சவங்க இதையெல்லாம் கேப்பாங்களா? ரொம்ப நேரம் வரலீங்க, அத்தைதான் தூக்கி மாட்டுக்கு வெச்சாங்கன்னேன். அவரு கோவமா இருக்கார்னு நெனச்சீங்களான்னா.

எந்திரிச்சு வந்துட்டேன். இவ கேக்குறதெல்லாம் எங்கயோ கேட்டு வெச்சுட்டுக் கேக்குறாப்பலயே இருக்கு.

12 ஜூன், வியாழன்

போகலை. தலைவலின்னு சொல்லிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

சாமளாபுரத்துல அத்தை வழிச் சொந்தம், ஒறம்பரை ஊட்டுக் காதுகுத்து. வருசம் முடிஞ்சுருச்சுல்ல, நீ வந்துதான் ஆகோணும்னாங்க அத்தை. கடைசி வரிசை சேர்ல உக்காந்திருந்தேன்.

அவ வந்தா.

பட்டுச் சீலை, ரெண்டு குழந்தைக. காது குத்தற பையனுக்கு மாமன் வழியில சொந்தமாம். நேரா என்னைத் தாண்டித்தான் போனா. கண்ணு என் மேல பட்டுச்சு. படலைன்னு சொல்ல முடியாது. ஒரு வாங்க இல்லை. தலை கூட ஆட்டலை. ரூமுக்குள்ள வாங்கக்கா வாங்கக்கான்னு உருகறவ. எதிரி வந்தாலும் வாங்கன்னு சொல்றதுதான நம்ம பக்கம்? தாலி இல்லாதவ கடைசி சேர்ல உக்காந்திருக்கான்னா? இல்ல, ஊத்துக்குளிக்காரி இங்க என்ன பண்றான்னா?

அதுக்கப்பறம் பந்தியில பார்க்கறேன், அத்தை பக்கத்து எலையில அவ. ரெண்டு பேரும் பேசறாங்க. அத்தை திரும்பி என்னைக் கை காட்டுறாங்க. அவ பார்க்கறா.

எனக்குச் சோறு எறங்கலை. முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. எவளை நம்பாதன்னு மனசு சொல்லுச்சோ அவளேதான்.

அத்தை பஸ் ஏத்தி விட வந்தாங்க. ஒண்ணும் கேக்கலை. கேக்காததுதான்...

23 ஜூன், திங்கள்

பொழுதோட, வேலை விட்டு வந்ததும் அத்தை ஃபோன். கடைசி ரிங்குலதான் எடுத்தேன்.

காதுகுத்துச் சாப்பாட்டுல உப்பு பத்தலைன்னாங்க. அப்பறம் சொன்னாங்க, "அந்தச் சோமனூர்ப் புள்ள உங்க கம்பெனிக்குத்தான் வருதாமா. எங்க மருமவளைத் தெரியுமா கண்ணுன்னு கை காட்டிக் கேட்டேன். எண்ணூறு பேருங்கம்மா, எனக்கு யாரைத் தெரியும்னு சொல்லிப் போட்டா. நெசமா உன்னையத் தெரியாதா அதுக்கு?"

தெரியாதுங்கத்தைன்னேன்.

ஃபோனை வெச்சேன். மதுமதி வந்து, யாரும்மா, என்னன்னா. உப்பு பத்தலையாமான்னேன்.

26 ஜூன், வியாழன்

போனதும் சொன்னேன், நான் ஊத்துக்குளி இல்லீங்க. அவங்க, "மொத நாளே தெரியுங்கக்கா. ஊத்துக்குளிக்காரங்ககிட்ட வெண்ணெயைப் பத்திக் கேட்டா அரை மணி நேரம் பேசுவாங்க. நீங்க முழிச்சீங்க." ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு.

ஏன் வாங்கன்னு சொல்லலைன்னு கேட்டேன். கேட்டப்ப இன்னும் கோவம் கொஞ்சம் இருந்துச்சு. நான் வாங்கன்னா பார்க்கறவங்க எப்படிப் பழக்கம்னு கேப்பாங்க, நான் என்ன சொல்றதுங்கக்கான்னாங்க. அன்னைக்கு ராத்திரி பூரா தனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சாம். மரியாதை இல்லாம வந்துட்டமேன்னு.

அப்பறம் சொன்னேன். அந்தக் காலையை. பூண்டுப்பால், பஸ்ஸு, செருப்பு, எல்லாம். சொல்றப்ப அவங்க மூஞ்சியையே பார்த்தேன், எங்க மாறுதுன்னு. மாறலை.

உங்க மேல தப்பில்லீங்கன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். ஒண்ணு கேட்டாங்க. "நீங்க அப்படிச் சொன்னதுக்கு அவரு என்னங்க சொன்னாரு?"

இத்தனை நாளா நான் சொன்னது மட்டுந்தான் என் காதுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவரு சொன்னது...

"சரி சரி, நீ போ, பஸ்ஸு போயிரும்"னாரு. லன்ச் பையை அவர்தான் எடுத்துக் குடுத்தாரு.

அழுதேன். கதவுக்கு வெளிய கேட்டிருக்கும். கேக்கட்டும்.

6 ஜூலை, ஞாயிறு

சாமளாபுரம் போனேன். அத்தைகிட்டச் சொல்லிட்டேன்.

அவரைக்காய் நார் எடுத்துட்டு இருந்தாங்க. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நிமிந்து பார்க்கலை. முடிச்ச பொறவும் நார் எடுத்துட்டே இருந்தாங்க. எந்திரிச்சுப் போடின்னு சொல்லப் போறாங்கன்னு பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்.

"குமரன் அப்பனுக்கும் நெஞ்சுவலிதான்"னாங்க. அவரோட அப்பா, என் மாமனார் அப்படித்தான் போனாருன்னு எனக்குத் தெரியும். தெரியாதது அப்பறம் வந்துச்சு. "முன்னத்த நாளே வலிக்குதுன்னாரு. சோடா வாங்கிக் குடுத்துத் தறிக்கு அனுப்பிப் போட்டேன். தறி நின்னா மொதலாளி ஏசுவார்னு. இருவத்தாறு வருசமாச்சு. எவகிட்டயும் சொல்லலை. குமரன்கிட்டச் சொல்லியிருந்தா அவனாச்சும் வாயுன்னு விட்டிருக்க மாட்டான்."

இத்தனை நாளா அத்தை என்னைப் பார்த்த பார்வையைச் சந்தேகம்னு நெனச்சிருந்தேன்.

அப்பறம் கேட்டாங்க, இதை நீ மொதல்ல யாருகிட்டச் சொன்னேன்னு. ஜெயசுதா மேடம்கிட்டன்னேன். "உன்னையத் தெரியவே தெரியாதுன்னாளே"ன்னாங்க. கடைசி அவரைக்காய் வரைக்கும் யோசனை பண்ணினாங்க.

"கெட்டிக்காரி"ன்னாங்க.

9 ஜூலை, புதன்

மதுமதியை நெஞ்சு டாக்டர்கிட்டக் காட்டினேன். காட்டாம அத்தை விடலை. படம் எடுத்தாங்க. நல்லா இருக்குதாம். வருசா வருசம் வரச் சொன்னாங்க.

17 ஜூலை, வியாழன்

ஊட்டு ஆளுகளும் வரலாம்னு மேடம் சொல்லி கேட் பாஸ் வாங்கிக் குடுத்தாங்க. அத்தை மொத பஸ்ஸுக்கே வந்துட்டாங்க, சலவைச் சீலை கட்டி. கதவுகிட்ட நின்னு, நீ உள்ள வராதன்னாங்க.

வெளிய பெஞ்சுல உக்காந்தேன். ஸ்கிரீன் போட்ட ஜன்னல்தான், பேச்சு கேக்கும். முதல்ல மேடம் சத்தம். அப்பறம் அத்தை. அதுக்குள்ள என் பேரு வந்துச்சு. என்னத்தைச் சொல்றாங்களோன்னு காது தானா ஜன்னலுக்கு அக்கட்ட போச்சு.

எந்திரிச்சுக் கேன்டீனுக்கு நடந்துட்டேன். அங்க கேக்காது. ரெண்டு டீ சொன்னேன், இப்ப வந்துருவாங்கன்னு.

முக்கா மணி நேரம் ஆச்சு. ரெண்டு டீயையும் நானே குடிச்சேன்.