இடது பக்கம் திருகிய குமிழ்

இரும்புலியூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகன் தீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், அந்தக் கனடா குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று பயப்படாதே, போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். போன வாரம் நீ சொன்ன வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அப்பாவுக்கு ஆறு வருஷமாகியும் கோபம் தீரவில்லை, நான் வந்தால் என்ன வராவிட்டால் என்ன, பொங்கலுக்கு டிக்கெட் போடவில்லை என்றாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

அப்பாவின் பாட்டு செட் போன மழையில் நின்றுபோனதைச் சொன்னேன் அல்லவா, அதை இப்போது சரி செய்துவிட்டோம். கூடுவாஞ்சேரியில் மாரி என்று ஒருவர், பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. உள்ளே காய்ந்துபோன சாமான்களை மாற்றி, ரெக்கார்டு பிளேயருக்குப் புது பெல்ட் போட்டு, ஸ்பீக்கர் இரண்டையும் துடைத்து எடுத்து வந்தார். "இத்தப் போய் காயலான் கடைல போடுறாங்கம்மா, இன்னா சவுண்டு கீது பாருங்க" என்று அவரே மயங்கிப்போய் நின்றார். மேடவாக்கத்தில் இருந்து ஒருவர் காரில் வந்து, இந்த மாதிரி செட் இப்போது கிடைக்காது, எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார், அப்பா காபி கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஒரு தொல்லை. சத்தத்தை இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு குமிழ் இருக்கிறதே, பேலன்ஸ் என்று, அதை மாரி நடுவில் வைத்துவிட்டுப் போனார், மறுநாள் பார்த்தால் முழுக்க இடது பக்கம், அப்பாவின் நாற்காலியை ஒட்டி இருக்கும் ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது. நான் நடுவில் வைப்பதும் அவர் இடது பக்கம் திருகுவதுமாக நாலு நாள் போனது. வலது ஸ்பீக்கர் பழுது போல, மனுஷன் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார் என்று நானே மாரியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

அவர் வந்து, எந்தப் பக்கம் கோளாறு என்று பார்க்க ஹெட்போனை அப்பாவுக்கு மாட்டினார். சத்தத்தை இடது காதுக்குத் திருப்பினார், அப்பா தலையாட்டினார். வலது காதுக்குத் திருப்பினார், அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாட்டு இனிமேல்தான் வரப்போகிறது என்பது போல. மாரி ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தார், இரண்டு பக்கமும் கணீரென்று பாடுகிறது. அதை இடம் வலம் மாற்றி மறுபடி அப்பாவுக்கு மாட்டினார், அப்போதும் இடது காதில் மட்டும்தான் கேட்டது. "செட்டு நல்லாத்தான் கீதும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

காது டாக்டரிடம் போனோம். வலது காது போயே போய்விட்டது, இடதிலும் பாதிதான் என்றார். அப்பாவுக்கு இது ஆறு வருஷமாகத் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டார், பிடிவாதக்காரர் என்று நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். அப்படியென்றால் பாட்டு மட்டும் எப்படிக் கேட்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். "அதெல்லாம் மனப்பாடம், கேக்காத இடத்தை மனசு போட்டுக்குது. தீனா பேசறது எல்லாமே புதுசு, அதுல விட்டுப்போனதை நான் எங்கேருந்து போட்டுக்கறது? ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன என்னன்னு கேட்டா, அங்க தனியா இருக்கற பையன் இதை வேற நினைச்சுக் கவலைப்படுவான். அதான் உங்கிட்ட போனைக் கொடுத்துடறேன்" என்றார். நீ வேலையை விட்டுவிட்டுப் போன அன்று சண்டை போட்டது நிஜம், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் கோபம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையடா. வீடியோவில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நீ அதை முறைப்பு என்று நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். காது மிஷின் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவன் வரட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்.

பொங்கலுக்கு முடியாவிட்டால் சித்திரையிலாவது வா கண்ணா, வந்து அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து பேசு. அதுவரைக்கும் அவருக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுதி அப்பாவை விசாரித்ததாகச் சொல் என்று முடிக்காதே, அவர் பெயர் போட்டு அவருக்கே எழுது, என்ன சமைத்தாய், யாரோடு பேசினாய், எல்லாம் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குத் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு. அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டுத் தபால்காரரைப் பார்க்கிறார், உன் கடிதம் வரும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவேதான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
சாவித்ரி