பால் பையில் கல்யாணப் பத்திரிகை

மே 4, திங்கள்

வெயில். ஒன்பது மணிக்கே மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளைத் தொட முடியவில்லை. ஏழுக்கு வர வேண்டிய தண்ணீர் லாரி பத்தே காலுக்கு. டிரைவர் இறங்கினார், தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை.

"மேடம், நியூஸ் பாக்கல? வேற கெரகத்துலேர்ந்து சிக்னல் வந்துகீதாம்."

"ஹோஸை சம்ப் தொட்டில போடுங்க முதல்ல" என்றேன்.

மேலே வந்து டி.வி. போட்டேன். உண்மைதான். எங்கோ ஒரு நட்சத்திரப் பக்கமிருந்து ரேடியோ அலை. பதினொரு நிமிடம் வந்து நின்றுவிட்டதாம். தானாக உண்டானதல்ல, யாரோ அனுப்பியது என்று எல்லா நாட்டு விஞ்ஞானிகளும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பன்னிரண்டு வீட்டு அசோசியேஷனில் பெயின்ட் கலருக்கே ஒத்துக்கொள்ளாதவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அதுதான் ஆச்சரியம்.

பார்த்துக்கொண்டே புளி கரைத்தேன். பயம் வரவில்லை.

செய்ய வேண்டியவை: லிஃப்ட்காரருக்கு போன் (லிஃப்ட் இன்னும் ஓடவில்லை). சம்ப் மூடி. கண் டாக்டர். கேமரா விஷயம் (மூன்றாம் மாடியில் வேலை செய்யவில்லை, இரண்டாம் மாடி சரியாக இருக்கிறது).

மே 5, செவ்வாய்

வாட்ஸப் குரூப்பில் காலைக்குள் நூற்றுக்கும் மேல். அரிசி வாங்கி வைக்கலாமா. மெழுகுவத்தி. ஒருவர் கூட்டுப் பிரார்த்தனை. ஒருவர், "செகரெட்டரி மேடம், இது பற்றி அசோசியேஷனின் நிலைப்பாடு என்ன?" நான்தான் செகரெட்டரி. "நாளை லாரி வழக்கம்போல் வரும்" என்று எழுதினேன். ஒன்பது கட்டைவிரல்.

தெருமுனைக் கடையில் ரவை தீர்ந்துவிட்டது. வேற்றுக்கிரகத்துக்கும் ரவைக்கும் என்ன சம்பந்தமோ.

பாத்திரம் தேய்க்க வரும் கன்னியம்மாவுக்கு வேறு கவலை.

"இன்னாக்கா, வந்துகினே கீறாங்களா?"

"வரல கன்னியம்மா. சேதி மட்டும் அனுப்பியிருக்காங்க."

"நேர்ல வராத சேதிய யாருக்கா மதிப்பா? எங்க நாத்தனா போன்ல சொன்னா கல்யாணத்துக்கு. நான் போவல."

அதற்குள் அவள் குழாயைத் திறந்துவிட்டாள். நல்லவேளை.

மே 6, புதன்

லாரி வரவில்லை. மேடவாக்கம் முழுக்க ஆளாளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்களாம்.

ஓசூரிலிருந்து கார்த்திக் போன். வேற்றுக்கிரகம் பற்றி ஒரு நிமிடம் பேசினான். பிறகு மெதுவாக, "அம்மா, தீபாவுக்குக் கல்யாணம். வைகாசி கடைசி முகூர்த்தம். பெரியம்மா பத்திரிகை வைக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்."

தீபா என் அக்கா சரோஜாவின் பெண். அக்கா வீடு மாடம்பாக்கத்தில். இங்கிருந்து ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. நான்கு வருடமாகப் பேச்சில்லை.

"யார் சொன்னா?"

"தீபாதான். எனக்கு மெசேஜ் போட்டா."

"நம்ம வீட்டுக்கு வருவாளாமா?"

"தெரியலம்மா. கேக்கல."

கேட்டிருக்கலாம். என் பிள்ளை, எனக்குப் பிறந்தவன்தான், கேட்க மாட்டான்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். கார்த்திக் கல்யாணத்துக்கு அழைக்க வாடகைக் காரில் கிளம்பினோம், அவரும் நானும். முதல் பத்திரிகை கூடப் பிறந்தவளுக்குத்தான் வைக்க வேண்டும். கார் போகிற வழியைப் பார்த்துப் பட்டியல் போட்டேன். தாம்பரத்தில் பத்து வீடு, பதினொன்றாவதாக அக்கா. அது தவறு. கேட்டில் சங்கிலி, பூட்டு. அரை மணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை. கேட்டில் தொங்கிய பால் பையில் பத்திரிகையை வைத்துவிட்டு வந்தோம்.

அவள் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாளாம், பத்து நிமிடம். "அரை மணி நின்னிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா? பால் பாக்கெட் மாதிரி போட்டுட்டுப் போனா" என்று ஊரெல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்கு வரவில்லை. அரை மணி நின்றோம் என்று நானும் ஊரெல்லாம் சொன்னேன்.

இரண்டு வருடம் முன்னால் அவர் போன அன்று வந்தாள். சாவுக்கு அழைக்கத் தேவையில்லை அல்லவா. அழுதாள், குளிக்காமல் கிளம்பிப் போனாள். என்னிடம் பேசவில்லை.

மே 8, வெள்ளி

நேற்றும் இன்றும் வெளியே போகவில்லை. மளிகை போனில். கண் டாக்டர் தள்ளிவைப்பு. காரணத்தை எழுத வேண்டாம், எனக்கே தெரியும். அழைப்பு மணிக்குப் புது பேட்டரி போட்டேன். ரவா லட்டுக்கு ரவை கிடைக்கவில்லை, அதனால் பொட்டுக்கடலை உருண்டை. சர்க்கரை எனக்கு ஆகாது. யார் சாப்பிடப் போகிறார்கள்?

மாலை பிரவீன் வந்தான். மூன்றாம் மாடி, நாவலூரில் ஐ.டி. வேலை. கேமரா பற்றிப் பேச வந்தவன் சிக்னலில் இறங்கிவிட்டான். பதில் அனுப்பலாமா வேண்டாமா என்று எல்லா நாட்டுக்காரர்களும் கூடி உட்கார்ந்திருக்கிறார்களாம். யார் பெயரில் அனுப்புவது என்பதிலேயே நின்றுவிட்டதாம்.

"ஆன்ட்டி, இதுல ட்விஸ்ட் என்னன்னா, இது ஃபர்ஸ்ட் டைம்னு சொல்ல முடியாது. முன்னாடி பல தடவை அனுப்பியிருக்கலாம். நாம கேக்கவே ஆரம்பிக்கல."

"பதில் வரலன்னு அவங்க என்ன நினைச்சிருப்பாங்க?"

"யாரும் இல்லன்னு நினைச்சிருப்பாங்க."

"இல்ல, திமிருன்னு நினைச்சிருப்பாங்க" என்றேன். சிரித்தான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. இரண்டு உருண்டை சாப்பிட்டான்.

மே 9, சனி

லாரி வந்தது, பாதி. சண்டை. ஐந்தாம் நம்பர் வீட்டில் பெரிய பெரிய டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நாளை மாலை ஐந்துக்கு மொட்டை மாடியில் அவசரக் கூட்டம். பொருள்: 1) தண்ணீர். 2) விண்வெளி. இந்த வரிசையை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

யாரும் வரவில்லை. மணி ஒருமுறை அடித்தது, கொரியர்.

மே 10, ஞாயிறு

காலை முழுக்க வீட்டில். பன்னிரண்டுக்குப் புழுக்கம் தாங்கவில்லை, கதவைத் திறந்துபோட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். அசட்டுத்தனம்.

ஐந்து மணிக்கு மாடி. போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போனேன். பன்னிரண்டு வீடும் வந்திருந்தது, வாட்ச்மேன் உட்பட. லிஃப்ட் டெண்டருக்கு நான்கு பேர்தான் வந்தார்கள்.

முதல் பொருள் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது முடியவேயில்லை.

கேட்டவை:

"பதிலே போடக்கூடாது. பழகிட்டா வந்து தங்கிடுவாங்க."

"தங்குனா தண்ணிக்கு எங்க போறது? ஏற்கெனவே பாதி லாரிதான்."

"முதல்ல வணக்கம் சொல்லணும் சார். அதுதானே மரியாதை."

"அவங்க ஏன் முதல்ல விஷயத்தச் சொல்லல? சும்மா டொக் டொக்னா நாம ஏன் திறக்கணும்?"

ஐந்தாம் நம்பர்காரர் தீர்மானம் போடலாம் என்றார். யாருக்கு அனுப்ப என்று கேட்டேன். பிரவீன் நட்சத்திரம் இருக்கும் திசையைக் கையால் காட்டினான். எல்லோரும் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார்கள். நானும். வெளிச்சம் போகவில்லை, ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கரணைப் பக்கம் பறவைகள். இந்தக் கட்டடத்தில் நான் பார்த்த முதல் அமைதி. எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு பத்துக்கு இறங்கினேன். என் கதவு கிரில்லில் பால் பை, காலையில் வெறுமையாகத் தொங்கவிட்டது. இப்போது கனமாக.

உள்ளே பத்திரிகை, நான்கு மூலையிலும் மஞ்சள். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். ஒரு முழம் மல்லி, வாழை இலையில் சுற்றி. எனக்கு யாரும் பூ கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

முதலில் கோபம்தான். உள்ளதை எழுதுகிறேன். பழிக்குப் பழி, பைக்குப் பை என்று நினைத்தேன். வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பையை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவினேன். பூவைத் தொடவில்லை.

பிறகு கேமரா. செருப்பு திருட்டுக்காகப் போட்டது, இரண்டாம் மாடி செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தபடி. என் வாசல் பாதி தெரியும். என் போனிலும் வாட்ச்மேன் போனிலும் மட்டும் பார்க்கலாம்.

5.08: படியேறி வருகிறாள். தனியாக. கால் வலி போல, கைப்பிடியைப் பிடித்து. கையில் தட்டு, மேலே துணி மூடி. முடி முழுக்க வெளுத்துவிட்டது. அவர் போன அன்று நான் கவனிக்கவில்லை.

மணியை அடிக்கிறாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறாள். திரும்ப அடிக்கிறாள். படத்தில் ஒலி இல்லை.

5.15: படியில் உட்காருகிறாள். தட்டு மடியில்.

5.24: எழுந்து, என் பெயர்ப்பலகையில் அவர் பெயரைப் பார்க்கிறாள். விரலால் தூசி துடைக்கிறாள்.

5.40: உட்கார்ந்தே இருக்கிறாள். மேலே அண்ணாந்து பார்க்கிறாள். எங்கள் கூட்டத்தின் சத்தம் கேட்டிருக்கும். ஏறி வரவில்லை. வர அவளுக்கு முழங்கால் இடம் கொடுத்திருக்காது.

5.56: பையில் ஒவ்வொன்றாக வைக்கிறாள். பத்திரிகை கடைசியில், மடங்காமல். பூவை வைத்துவிட்டு எடுக்கிறாள், யோசிக்கிறாள், திரும்ப வைக்கிறாள். இறங்கிப் போகிறாள்.

நாற்பத்தெட்டு நிமிடம். இரண்டு தடவை பார்த்தேன். அழுதேன். உலகம் முழுக்க என்னென்னவோ நடக்கிறது, நான் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்து அழுகிறேன்.

டி.வி.யில் பதிலைப் பற்றி முடிவெடுக்க இன்னொரு குழு. பாதியிலேயே அணைத்தேன்.

மே 11, திங்கள்

காலை 6.20. வானம் மூட்டம், மழை வராது. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போடலாம் என்று போனேன். போடவில்லை. தலையில் வைத்துக்கொண்டேன். பால்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

போன் செய்யலாம். நம்பர் மாறவில்லை. ஆனால் போனில் சொல்கிற விஷயம் இல்லை.

தாம்பரம் பஸ், ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. பழம் வாங்க வேண்டும். உருண்டை டப்பா. லாரியைப் பிரவீன் பார்த்துக்கொள்வான், சாவி கொடுத்தாயிற்று. கேட்டில் சங்கிலி இருந்தால் நிற்பது. எத்தனை நேரமானாலும்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். புதன்கிழமை இந்த நோட்டில்கூட மாற்றி எழுதியிருக்கிறேன். அரை மணி இல்லை, அக்கா. இரண்டு நிமிடம். பையில் வைத்தது அவர். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, நான் காரை விட்டு இறங்கவேயில்லை.