புனித வெள்ளியில் நீந்திய கிடா

பக்கூ, டொபாகோ
24 மார்ச் 1978, புனித வெள்ளி

அன்புள்ள எஸ்மண்ட்,

டாக்டர் நெஞ்சில் கத்தி வைத்த பிறகு கஞ்சியாவது இறங்குகிறதா? இங்கே ஊர் முழுக்க வெள்ளைக்காரர்கள். விடுதியில் அவர்களுக்கு ஒரு தாள் கொடுக்கிறார்களாம்: அடியில் கண்ணாடி வைத்த படகில் பவளப்பாறை பார், நண்டும் கொழுக்கட்டையும் சாப்பிடு, பட்டம் விடு, செவ்வாய்க்கிழமை ஆட்டுப் பந்தயம் பார். நீ கமிஷனர் என்று பேர் வைத்த உன் பந்தயக் கிடாவும் அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டான்!

அவன் நன்றாக இருக்கிறான். தினமும் பயிற்சிக்கு நீந்துகிறவன் இன்று காலையும் கடலில் நீந்தினான், நானும் கூடவே நீந்தினேன். செவ்வாயன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓட என் கால்கள் தயார். நீ நிம்மதியாகத் தூங்கு.

உன்
ஆல்ரிக்

மருத்துவமனை, போர்ட் ஆஃப் ஸ்பெயின்
25 மார்ச்

ஆல்ரிக்,

கப்பலில் வந்தவர் உன் கடிதத்தைத் தந்தார். திரும்பத் திரும்பப் படித்தேன். புனித வெள்ளியன்று நீ கடலில் நீந்தினாயா? வருஷா வருஷம் கரையில் நின்றுகொண்டு, "ஏம்மா, இன்னிக்குத் தண்ணில கால வச்சா மீனாப் போயிடுவ, ஏறு மேல!" என்று வெள்ளைக்காரிகளை விரட்டுகிறவன் நீ. யாரிடம் கதை விடுகிறாய்?

கிடா உன்னிடம் இல்லை, விற்றுவிட்டாய், அதுதானே? பந்தயத்தில் நமக்கு எதிரிகளான மவுண்ட் பிளெசன்ட் ஊர்க்காரர்கள் போன மாதம் உன்னோடு குசுகுசுத்ததை நான் பார்க்காமல் இல்லை. அந்தக் கிடா ஜெயித்த சேதியைக் கேட்கத்தான் நான் இந்த அறுவைச் சிகிச்சைக்கே சம்மதித்தேன். அவன் இருந்தால் என் தங்கை மகன் கெர்வினிடம் ஒப்படை. பந்தயத்தில் கெர்வின் ஓடட்டும். நீ கயிற்றைத் தொடாதே.

எஸ்மண்ட்

பக்கூ
29 மார்ச்

எஸ்மண்ட்,

ஞாயிறன்றே கிடாவைக் கொடுத்துவிட்டேன். பந்தயத்தில் நடந்ததை கெர்வின் சொல்லியிருக்க மாட்டான். மற்ற கிடாக்கள் பறந்தன. கமிஷனர் திரும்பி நின்று கூட்டத்தில் என்னைத் தேடினான். கெர்வின் இழுத்தான், திட்டினான். ஊரே சிரித்தது. நீ தொடாதே என்றதால் நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

வெள்ளிக்கிழமை கதையையும் கேள். யாரோ விட்ட பட்டம் விர்ரென்று தலைக்கு மேல் இறங்க, அவன் மிரண்டு கடலில் பாய்ந்துவிட்டான். கரையில் அத்தனை மீனவர்களும் நின்றார்கள். "போனா போறான், இன்னிக்கு எவன்டா தண்ணில இறங்குவான்?" என்றார்கள். நான் இறங்கினேன். பயத்தில் பல்லெல்லாம் கிட்டிப் போயிற்று. அவனை இழுத்துக்கொண்டு கரையேறும்வரை கண்ணையே திறக்கவில்லை.

உனக்கு அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொன்னாரே, அதனால் சுருக்கி எழுதினேன். நான் மீனாக மாறவில்லை. உன் கண்ணுக்குத் திருடனாகத்தான் மாறினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆல்ரிக்

பக்கூ
16 ஏப்ரல்

அன்புள்ள ஆல்ரிக்,

ஊர் திரும்பிவிட்டேன், உன் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு தடவை வந்தேன், நீ கதவைத் திறக்கவில்லை. மீனவர்களிடம் கேட்டேன், எல்லாம் சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை கமிஷனர் கயிற்றை அறுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடிவிட்டான். விரட்டிப் பிடிக்க என் நெஞ்சு இடம் கொடுக்காது. அங்கேயே இருக்கட்டும். அவனைப் பார்க்க நான் வரலாமா?

எஸ்மண்ட்

அன்றே மாலை

எஸ்மண்ட்,

அவன் கழுத்துக் கயிறு நுனிவரை முழுசாக இருக்கிறது. முளையில் கட்டிய முடிச்சை யாரோ பொறுமையாக அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். பொய் சொல்ல உனக்கும் வரவில்லை.

நாளைக் காலை அவனைக் கடலில் இறக்குகிறேன். மெதுவாக நடந்து வா.

ஆல்ரிக்