நாஜியாவுக்குக் கல், உனக்குக் காற்றா?

கிள்ளான், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷிரீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் மதினி நாஜியாவின் பித்தப்பை மட்டும் இப்போது எங்களோடு இல்லை. வழக்கமாக நீ சுகமா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். போன வாரம் போனில், சாப்பிட்டால் நெஞ்சுக்குழியில் பிடிக்கிறது, முதுகு வரைக்கும் இழுக்கிறது, காற்றுதான் அத்தா, தைலம் தேய்த்தால் போய்விடும் என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்கு டீ கூடச் சரியாக இறங்கவில்லை. நீ தனியாக இருக்கும் கிளாஸ்கோவில் காற்றுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் நாஜியாவும் இதே காற்றைத்தான் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் பேசலாமே என்பாய். இதில் வரும் சில வார்த்தைகளை மகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது, பேனாவுக்கு அந்த வெட்கம் கிடையாது. எழுதிப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன், குடும்ப குரூப்பில் போடவில்லை, அதில் உன் அம்மா இருக்கிறாள்.

நம் கடையில் பிரியாணி போடுகிற நாளெல்லாம் நாஜியாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்துவிடும். உன் அம்மா அதைக் கண்ணூறு என்றாள், மருந்துக்கடைக்காரர் கேஸ்ட்ரிக் என்றார், நான் கேஸ்ட்ரிக்கும் கண்ணூறும் சேர்ந்தது என்று சமாதானம் பேசினேன். உன் அண்ணன் ரபீக் ஒருநாள் பிடிவாதமாக அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தான். பித்தப்பையில் கல் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லி, மலாயில் 'பாத்து ஹெம்பெடு' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஹெம்பெடு என்றால் பித்தம், பாத்து என்றால் கல். இதைக் கடைக்கு டீ குடிக்க வரும் தம்புசாமியிடம் சொன்னது நான் செய்த புத்திசாலித்தனம். ஹெம்பெடுதானே பாஸ், அதுக்குத்தான் ஹெம்பெடு பூமி இருக்கே, எங்க வீட்டுப் பின்னால முளைச்சுக் கெடக்குது லா, கொதிக்க வச்சுக் குடிச்சா கல்லு கரைஞ்சு ஓடிரும் என்று சொல்லி மறுநாளே ஒரு பை நிறையக் கொண்டுவந்துவிட்டார். ஹெம்பெடு பூமி என்பது நம் நிலவேம்புதான். பித்தம் மாதிரிக் கசப்பதால் அந்தப் பேர், மற்றபடி நாஜியாவின் கல்லுக்கும் அதற்கும் ஒரு உறவும் கிடையாது. பேர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் அதுதான் என்று நானும் தலையாட்டினேன். பேரை நம்புவதென்றால் நம் கடையில் மெல்லிசாக முறுகச் சுடும் ரொட்டி டிஷ்யூ கேட்கிறவர்களுக்கு நான் மேசை துடைக்கிற காகிதத்தை அல்லவா பொரித்துக் கொடுக்க வேண்டும். பாவம் நாஜியா, மாமனார் கொடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பூச்சோங்கில் ஒரு கல்யாண வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டு வந்த அன்று வலி தாங்காமல் சுருண்டுவிட்டாள், வாந்தியும் காய்ச்சலும் வந்துவிட்டது. ரபீக் சரக்கு வாங்க ஈப்போ போயிருந்தான், நானும் உன் அம்மாவும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, எல்லாம் கேட்டுவிட்டு, பில் பெரஞ்சாங் சாப்பிடுறீங்களா என்று நாஜியாவிடம் கேட்டார். அதாவது குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை. எழுதிவிட்டேன் பார். நாஜியா தரையைப் பார்த்தாள், நான் சுவரில் ஒட்டியிருந்த கல்லீரல் படத்தைப் பார்த்தேன், அவ்வளவு கவனமாக நான் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்ததில்லை. ஆமா டாக்டர், சின்னவன் பொறந்ததுல இருந்து என்றாள். அந்த மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் பித்தத்தில் கொழுப்பைக் கூட்டும், சிலருக்கு அது கல்லாக உறையும், எல்லோருக்கும் வராது, அது ஒன்றேதான் காரணம் என்றும் சொல்ல முடியாது, பிள்ளைப்பேறும் வம்சமும் கூடச் சேரும் என்று டாக்டரம்மா விளக்கினார். இலையால் கரையாது, பையை எடுத்துவிடுவதுதான் வழி, இனி வேறு மாத்திரை பார்க்கலாம் என்றார். உன் அம்மாவும் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது பேரப்பிள்ளை வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கையேந்துகிறவள் அல்லவா. வீட்டுக்குத் துணி எடுக்கத் திரும்பும்போது காரில்தான் வாயைத் திறந்தாள், இத்தனை வருஷமா நான் கேட்ட துஆவெல்லாம் எங்க போய்ச் சிக்கிக்கிச்சுன்னு இப்பத்தான் தெரியுது என்றாள். சிரிப்பை அடக்கப் போய் நான் சிவப்பு விளக்கையே தாண்டப் பார்த்தேன். அதே அம்மாதான் பிறகு எண்ணெய் படாமல் கஞ்சி காய்ச்சி, பிளாஸ்கை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துவிட்டார்கள், இப்போது நாஜியா நன்றாக நடக்கிறாள். கல்லை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள், உன் அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். ஆனால் வார்டில் படுத்திருந்தபோது நாஜியா சொன்ன ஒன்றுதான் என்னை எழுதவைத்தது. மாமா, ஷிரீன்கிட்ட சொல்லணும், அவளும் இதே மாத்திரைதான் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, மாதாமாதம் வருகிற வலிக்கு டாக்டர் கொடுத்தது, கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மாமா என்றாள். அவளைத் திட்டாதே. எனக்குக் காது சூடானது உண்மைதான், அது கொஞ்ச நேரம். அப்புறம் நீ போனில் சொன்ன காற்று நினைவுக்கு வந்தது, பயந்துவிட்டேன் ஷிரீன். இங்கே வலி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட இரண்டு பேர் இருந்தோம். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த வாரமே டாக்டரிடம் போ. அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் மாத்திரையின் பேரை நீயே முதலில் சொல், வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேள். நீயாக மாத்திரையை நிறுத்தாதே, அதையும் அவரே சொல்லட்டும். காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளித்தாலோ யாரையும் கேட்காமல் எமர்ஜென்சிக்கு ஓடு. ஒன்றுமில்லை, காற்றுதான் என்று அவர்கள் சொன்னால் கிள்ளானில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான். அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. என்ன மாத்திரை, எதற்கு என்று அத்தா இன்றைக்கும் கேட்கவில்லை, என்றைக்கும் கேட்க மாட்டேன், அது உன் காரியம். வலியை மட்டும் என்னிடம் மறைக்காதே, அதில் எனக்குப் பங்கு உண்டு.

உன் அத்தா,
ஹாசிம்